அறுபத்து மூன்றரை சென்டிமீட்டர்

விமானம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. சிகாகோ மேற்கே இருக்கிறது. டெல்லியில் ஏறி ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, தட்டில் வந்த உப்புமாவைச் சாப்பிட்டு முடித்து, முன்னிருக்கையின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரையை விரலால் தொட்டபோதுதான் மரகதம் அதைக் கவனித்தாள். வெள்ளை விமானப் பொம்மை ஒன்று மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ரஷ்யாவின் தலைமாட்டில் நின்றது. அதற்கு மேலே ஊரும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் நீலம். போக வேண்டிய தூரம் எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், இன்னும் பத்து மணி நேரம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அரபிக்கடல் எங்கே? செங்கடல் எங்கே? பதினான்கு வருடமாக அவள் விரல் வைத்து வைத்துப் பழகிய பாதையில் இந்த விமானம் ஓரிடத்தைக்கூடத் தொடவில்லை. வழி தவறிவிட்டதோ? ஆனால் சுற்றிலும் யாரும் பதறவில்லை. குறுக்கு வரிசையில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பணிப்பெண் தட்டுகளைச் சேகரித்துக்கொண்டு வந்தாள். வழி தவறிய விமானத்தில் யாராவது தட்டு எடுப்பார்களா?

பக்கத்து இருக்கையில் பூங்கோதை. ஈரோட்டுக்காரி, மகன் வீட்டுக்கு ஆறாவது தடவையாகப் போகிறவள். டெல்லியில் இருவரையும் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் அறிமுகம். "கால் நல்லாத்தானுங்க்கா இருக்குது எனக்கு. காலையில ரெண்டு மைல் நடக்கறவதான். ஆனா நாற்காலி சொல்லிட்டா வரிசையில நிக்க வேண்டாம், இங்கிலீஷ்ல பதில் சொல்ல வேண்டாம், அவனே கொண்டுபோய் விட்டுருவான்" என்று சொல்லிச் சிரித்தவள். மரகதம் திரையைக் காட்டி, "இது ஏன் மேல போகுது?" என்று கேட்டாள். பூங்கோதை எட்டிப் பார்த்தாள். "நானு இதைப் பாக்கறதே இல்லீங்க்கா. பாத்தா பயம். அதுபாட்டுக்குப் போவுது, நாமபாட்டுக்கு உக்காந்திருக்கறோம். எங்க ஊட்டுக்காரரு பஸ்ஸுல போனாலே டிரைவருக்கு வழி சொல்லுவாரு. அதுக்குத்தான் அவரைக் கூட்டியாறதே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை என்றாலும் மரகதத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆறு தடவை போனவள் தூங்குகிறாள். அப்படியானால் இதுதான் வழி. எப்போதும் இதுதான் வழியாக இருந்திருக்கிறது. அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே வேறொன்று அதன் பின்னால் எழுந்து வர, அவள் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஜன்னலில் வெளிச்சம். ஜூன் மாதத்தில் அந்த உச்சியில் சூரியன் இறங்குவதே இல்லை போலிருக்கிறது. அடிவானத்தின்மேல் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. கீழே வெள்ளையாய் ஒரு பரப்பு, அது மேகமா பனியா என்று தெரியவில்லை. சென்னையில், பம்மல் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும். மகள் ஆவுடை அமெரிக்கா போன வருடம் அவள் அப்பா ஒரு உலகப் படம் வாங்கி வந்து கூடத்துச் சுவரில் அடித்தார். ஆளுயர அகலம், வழவழவென்று பிளாஸ்டிக் பூசியது. சங்கரலிங்கம் நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்தவர். எந்தத் தாளும் அவருக்கு நிலம்தான். சென்னையில் ஒரு குண்டூசி, சிகாகோவில் ஒரு குண்டூசி, நடுவில் சிவப்பு நூல். பிறகு எஃகு ஸ்கேலை இரண்டு தடவை வைத்து அளந்தார். அறுபத்து மூன்றரை சென்டிமீட்டர். படத்தின் மூலையில் அளவு போட்டிருந்தது, ஒரு சென்டிமீட்டருக்கு முந்நூறு கிலோமீட்டர் என்று. பத்தொன்பதாயிரத்து ஐம்பது. விமானத்தின் வேகம் மணிக்குத் தொள்ளாயிரம். இருபத்தோரு மணியும் சில்லறை நிமிடங்களும். எல்லாவற்றையும் நூலுக்கு மேலே பென்சிலால் எழுதி, தன் கையெழுத்தையும் போட்டார், வயலை அளந்து வரைகிற புலப்படத்தில் போடுவதுபோல. "இந்தா பாரு மரகதம். ரெண்டு இடத்துல கல்லு நடு. நடுவுல சங்கிலியத் தொய்வில்லாம இழுத்துப் பிடி. அதான் தூரம். அதுக்கு மேல ஒருத்தனும் குறைக்க முடியாது."

அதற்குப் பிறகு அந்த நூல்தான் அந்த வீட்டுக் கடிகாரம். ஆவுடை கிளம்பிவிட்டேன் என்று சொன்னால் போதும், மூன்று மணி நேரத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் என்று அவர் ஸ்கேலை வைத்து இன்னொரு ஊசியை நூல்மேல் நகர்த்துவார். இப்போ அட்லாண்டிக். இப்போ மொராக்கோ. இப்போ சகாரா, கீழ ஒண்ணுமே இருக்காது, மணல்தான். மரகதம் சமையலறையிலிருந்து வந்து வந்து பார்ப்பாள். பாதி வழி கடல், பாதி வழி பாலைவனம். அட்லாண்டிக்கில் புயல் என்று செய்தியில் சொன்னால் அவளுக்குச் சோறு இறங்காது. லிபியாவில் சண்டை, சூடானில் சண்டை என்றால் அந்த நாட்டுப் பெயர்களைச் சொல்லி விளக்கேற்றுவாள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவள் யார்? ஆனாலும் பதினான்கு வருடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், என் பிள்ளை உங்கள் தலைக்கு மேலே போகிறாள், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்று. கணக்கு ஒரு தடவையும் பெரிதாகப் பிசகியதில்லை. ஆவுடை துபாயில் இறங்கி நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், அல்லது ஜெர்மனியில் ஆறு மணி நேரம். எங்கே இறங்கினாலும் சுவரில் நூல் மாறாது. எப்படியும் வீடு வந்து சேர ஒரு நாள் முழுதாய் ஆகிவிடும். அவர் ஊசியைச் சென்னையில் குத்திவிட்டு, "சொன்னேன்ல?" என்பார். அந்தக் காத்திருப்பு நேரங்களை அவரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அவளும் சேர்த்துக்கொள்ளவில்லை. தப்புக்கு மேல் தப்பு உட்கார்ந்து சரியாகத் தெரிந்தது.

சரியாகத் தெரிந்தது. அந்தச் சொல்லில் வந்து மனம் இடறி நின்றது. அக்டோபர் மாதம் அந்தப் புதன்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் அவர் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். ஆவுடையிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: 'ஏறிட்டேன்மா. டெல்லி வழியா வர்றேன். இருங்க.' வந்த நேரம் இரவு பதினொன்று. அதற்குமேல் அவள் போன் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் எல்லாம் நிதானமாகத்தான் நடந்தது. மூன்று மணிக்கு வானம் கறுத்தது. கொழுந்தன் நமச்சிவாயம் உள்ளே வந்து அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "மதினி, மழை பிடிச்சுதுன்னா சுடுகாட்டுல முழங்கால் தண்ணி நிக்கும்னு சொல்லுதாங்க. நாளைக்கும் விடாதாம். பிள்ளைக்காகப் பொறுக்கணும்னா பொறுப்போம். நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான்." நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான். வேறு யாரையும் அவர் கேட்கவில்லை. அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு சுவரண்டை போய், எஃகு ஸ்கேலை எடுத்து, சிகாகோவில் வைத்தாள். பதினொன்றிலிருந்து மூன்று, பதினாறு மணி நேரம். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். விரல் செங்கடலில் நின்றது. மிச்சம் பதினைந்தரை சென்டிமீட்டர். டெல்லியில் இறங்கி ஏற வேறு நேரம் வேண்டும். வீட்டில் போன் வைத்திருந்த பையன்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டு, அந்த விமானம் எத்தனை மணிக்கு டெல்லி வரும் பார் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அந்த வீட்டில் அவர் கையெழுத்துப் போட்ட அளவை யாரும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததில்லை. அவர் அங்கே படுத்திருக்கும்போதா கேட்பாள்? "அவ செங்கடல்ல இருக்கா. ராத்திரி பத்தாயிரும். எடுத்துருங்க" என்றாள்.

நாலரைக்கு எடுத்தார்கள். ஆறேகாலுக்கு ஆவுடை ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

இதை மரகதம் எட்டு மாதமாகத் தினமும் நினைத்திருக்கிறாள். நினைப்பு எப்போதும் இந்த இடத்தில் வந்து நிற்கும், பிறகு பின்னால் போய் மறுபடி மூன்று மணியிலிருந்து தொடங்கும். ஆவுடை செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்தாள். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஈரத் தரை. டெல்லிக்கு நேரே வருகிற விமானம் கிடைத்ததென்றும், அங்கே வைஃபைக்கு இந்திய நம்பர் கேட்டதால் பேச முடியவில்லை என்றும் யாரிடமோ சொன்னாள். பிறகு கேட்டாள், சத்தமே இல்லாமல்: "இருங்கன்னு சொன்னேனே. யாரு எடுக்கச் சொன்னது?" மரகதம் வாயைத் திறந்தாள். அதற்குள் வாசல் பக்கமிருந்து நமச்சிவாயம், "நாந்தாம்மா. மழை வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார். திறந்த வாயை மரகதம் மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம் கழித்துச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். பதினாறாம் நாள் முடிந்து அவள் பெட்டி அடுக்கும்போது சொல்லியிருக்கலாம். நாள் ஏற ஏற அந்தச் சொல் கனத்துக்கொண்டே போனது, ஊறப்போட்ட துணி மாதிரி. ஆவுடை அதற்குப் பிறகு சித்தப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வைக்கட்டா. சித்தப்பா என்று தொடங்கினால், "அவரைப் பத்திப் பேசாதேம்மா" என்பாள். அவர் தோளில் உட்கார்ந்துதான் அவள் சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழா பார்த்தாள், எட்டு வயது வரைக்கும். நேற்று விமான நிலையத்துக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். சக்கர நாற்காலியில் மரகதத்தை உட்காரவைத்துவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கட்டும். நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம், சண்டை போடுவா" என்று சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரையில் பொம்மை விமானம் நீலத்தின்மேல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதன் முன்னால் போகப்போகிற பாதையை மெல்லிய கோடாகப் போட்டிருந்தார்கள். அது மேலே போய், உச்சியில் வளைந்து, கிரீன்லாந்தைத் தொட்டுக்கொண்டு கனடா வழியாகக் கீழே இறங்கியது. வில் மாதிரி. வில்லை விட நாண் அல்லவா குட்டை? அவர் இருந்திருந்தால் விமானியையே கூப்பிட்டுக் கேட்டிருப்பார். ஆனால் கீழே எழுதியிருந்த மொத்தத் தூரம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். டெல்லியிலிருந்து சென்னைக்கு ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எண்ணூறு என்று போட்டாலும் பதினாலாயிரம். பத்தொன்பதாயிரம் எங்கே போயிற்று? ஐயாயிரம் கிலோமீட்டர் ஒரு பென்சில் எழுத்தில் எப்படி முளைக்கும்? மரகதம் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் சர்வேயர் பெண்டாட்டி. விடை வராத கணக்கை மூடி வைத்துவிட்டுத் தூங்குகிற வீடு இல்லை அது.

காலடியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆவுடைக்குப் பிடித்த பொரிவிளங்காய் உருண்டை, இருபத்தைந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கல் மாதிரி இறுகிய பெரிய உருண்டை. சின்ன வயதில் ஆவுடை அதைக் கடிக்க முடியாமல் கதவிடுக்கில் வைத்து உடைப்பாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். உலகம் உருண்டை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சுவரில் தட்டையாக அடித்து வைத்திருந்தார்கள். பையின் உள் ஜிப்பில் பழைய ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடந்தது. எட்டு மாதமாகத் தொடாதது, எறியவும் தோன்றாதது. இரண்டு பொட்டு உரித்தாள். சிகாகோவும் சென்னையும் உலகத்தில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம் என்பது நேரத்திலிருந்தே தெரியும், இங்கே காலை என்றால் அங்கே இரவு. ஆகவே உருண்டையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் நடுவயிற்றுக்குச் சற்று மேலே ஒட்டினாள். போர்வையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். அவர் சுவரில் பிடித்த மாதிரியே, ஒரு பொட்டிலிருந்து மற்றதற்குப் பக்கவாட்டில், அரபிக்கடல் அட்லாண்டிக் வழியாக, இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோனாள். ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறு நுனியை இழுத்தாள். தொய்வில்லாம இழுத்துப் பிடி. நூல் இடுப்பில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. தலையுச்சிக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றது. விரலுக்குள் அரை அங்குல நூல் மிச்சம்.

மரகதம் அதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கீழே இறக்கிவிட்டு இழுத்தாள். மறுபடி ஏறியது. அவர் சொன்ன விதியில் பிசகு இல்லை. இரண்டு கல்லு, ஒரு சங்கிலி, தொய்வில்லாமல் இழுத்தால் அதுதான் தூரம். சுவரில் இழுத்ததுதான் பிசகு. வயலும் தோப்பும் அளந்த மனிதர். நாலு ஏக்கர் நிலத்தில் பூமி எங்கே வளைந்தது? அவளுக்கு அவர்மேல் கோபம் வருமோ என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. இது தெரிந்தால் இரவோடிரவாகப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் பூமி உருண்டை வாங்கக் கிளம்பியிருப்பார். அவ்வளவுதான் அவர். அப்படியானால் ஆவுடை ஒரு நாளும் சகாராவின்மேல் போகவில்லை. சூடான்காரர்கள் அவளைப் பார்க்கவே இல்லை. அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்கு அவள் செங்கடலில் இல்லை. டெல்லியில் ஏறிவிட்டாள், போபாலோ நாக்பூரோ, கீழே ரயில் தண்டவாளம் தெரிகிற உயரம்கூட இருந்திருக்கலாம். வந்துகொண்டிருந்தாள். மரகதத்தின் விரல் செங்கடலில் நின்றபோது பிள்ளை வீட்டுக்கு மூன்று மணி நேரத்தில் இருந்தாள்.

இதைச் சொன்னால் என்ன ஆகும்? படத்தின் தப்பு என்று சொல்லலாம். அப்பாவின் ஸ்கேல் என்று சொல்லலாம். வரிவரியாக ஓட்டிப் பார்த்தாள். அப்பா போட்ட அளவும்மா, நான் என்ன செய்ய? சொல்லும்போதே அதில் ஒரு தொய்வு இருந்தது. அவர்மேல் போட்டாலும் கொழுந்தன்மேல் போட்டாலும் ஒன்றுதான், நூல் இன்னும் சுற்றுவழியில், இடுப்பில்தான் கிடக்கிறது. பிள்ளை 'இருங்க' என்று எழுதியிருந்தாள். எப்போது வருவேன் என்று எழுதவில்லை. இருங்க என்றால் இருந்திருக்க வேண்டும், பத்து மணியானாலும், மறுநாளானாலும், முழங்கால் தண்ணீரானாலும். அளந்ததே முதல் தப்பு. இதைச் சொன்னால் அவள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையும் நிறுத்திவிடலாம். ஆறு மாதம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், பேசாத பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தச் சூரியன் இன்னும் அதே உயரத்தில் நின்றது. பூங்கோதை கண் விழித்து, அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். "என்னங்க்கா, பொரிவிளங்காய்க்குப் பொட்டு வெச்சு வெளையாடிட்டு இருக்கறீங்க?" "தூரம் பாக்கேன்" என்றாள் மரகதம். "எவ்ளோ வருதுங்?" "நெனச்சதவிடக் கிட்டக்க." "அதானுங் நானும் சொல்றேன். ரெண்டு தூக்கம், மூணு சோறு. வந்துரும்." பூங்கோதை கை நீட்டினாள். மரகதம் வேறு உருண்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பொட்டு வைத்ததை நூலோடு தனியாக வைத்துக்கொண்டாள்.

இன்னொரு தூக்கமும் இரண்டு சோறும் ஆயின. கனடா முழுக்க ஏரிகள், உடைந்த கண்ணாடிச் சில்லுகள் மாதிரி. பிறகு பெரிய ஏரி ஒன்றின் ஓரத்தில் கட்டங்கட்டமாக ஒரு ஊர், சர்வேயர் போட்டதுபோல நேர்நேரான தெருக்கள். இறங்கும்போது மரகதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது இன்னும் பம்மல் நேரத்தில் இருந்தது. மாலை ஐந்தரை. கிளம்பிப் பதினைந்து மணி நேரம். வீட்டுச் சுவரில் அவளுக்கென்று யாராவது ஊசி நகர்த்தியிருந்தால் அவள் இப்போது அட்லாண்டிக்கின்மேல் இருப்பாள், கீழே கடலைத் தவிர ஒன்றும் இல்லாமல், இன்னும் பல மணி நேரம் யோசிக்க அவகாசத்தோடு. அவகாசம் இல்லை. சக்கரம் தரையைத் தொட்டது.

நாற்காலியைத் தள்ளியவள் உயரமான, பாட்டு முணுமுணுக்கிற பெண். வரிசைகளையெல்லாம் தாண்டிக் கொண்டுபோனாள். கண்ணாடிக் கதவு விலகியதும் ஆவுடை தெரிந்தாள். காதோரம் நரை. எட்டு மாதத்தில் வந்த நரையா, முன்பே இருந்ததா? அவள் நாற்காலியைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். "என்னம்மா, கால் என்னாச்சு? போன்ல சொல்லவே இல்ல?" "கால் நல்லாத்தான் இருக்கு" என்று மரகதம் எழுந்து நின்றாள். ஆவுடை முதலில் பயந்து, பிறகு புரிந்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்பாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், காரில் சொல்லலாம், வீட்டில் சொல்லலாம் என்று மனம் சுற்றுவழி தேடியது. மரகதம் பைக்குள் கை விட்டு உருண்டையை எடுத்தாள். நூல் அவிழ்ந்து தொங்கியது.

"அன்னைக்கு எடுக்கச் சொன்னது நான்தான். சித்தப்பா இல்ல."

ஆவுடை உருண்டையையும் பொட்டையும் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அவர் எங்கிட்டத்தான் கேட்டார். நான் சுவர்ல அளந்து பாத்தேன். நீ வர ராத்திரி ஆகும்னு சொல்லிட்டேன். நீ இருங்கன்னு எழுதியிருந்தே. நான் இருக்கல."

பக்கத்தில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்துச் சத்தமாகப் பேசினார்கள். பூங்கோதை தன் மகனோடு கையசைத்துக்கொண்டு கடந்து போனாள். ஆவுடை அம்மாவின் கையிலிருந்து உருண்டையை வாங்கி, தொங்கிய நூலை விரலில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"இப்ப அங்க மணி என்ன?"

மரகதம் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ஆறே முக்கால்."

"சித்தப்பா வீட்டுல இருப்பாரா?"

"இருப்பார்."

ஆவுடை போனை எடுத்தாள். மரகதத்துக்கு முகத்தைக் காட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். பத்தடி தூரம் இருக்கும். மரகதம் அந்த இடைவெளியை அளக்காமல், பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு, அங்கேயே இருந்தாள்.